பதினெட்டு வார்த்தைகளும் மூன்று தீர்ப்புகளும்

டெல்லியில் நாலு தமிழர்கள் கூடினால் பேச்சு எப்படியும் அரசியலுக்கு வந்து சேரும். போன மாதம் ஆர்.கே.புரம் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோதும் அப்படித்தான். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். "எமர்ஜென்சியில பத்து மணிக்கு டாண்ணு எல்லாரும் சீட்ல இருப்பாங்க தம்பி. ரயிலெல்லாம் நேரத்துக்கு வரும். சுப்ரீம் கோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு, தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா ஒரு ஜட்ஜ் தப்புன்னும் சொன்னார்" என்றேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பேச்சு அவியலுக்குப் போய்விட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று: நான் வக்கீல் இல்லை. கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவன். ஆனால் இந்த விஷயத்தை ஒரு ஆடிட்டர் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். எங்கள் தொழிலில் இரண்டு கேள்விகள் உண்டு. வவுச்சர் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, அனுமதித்த அதிகாரி சரியான ஆள்தானா என்பது முதல் கேள்வி. இதெல்லாம் சரி, செலவு நியாயமானதா என்பது இரண்டாவது. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. இரண்டாவதைக் கேட்டால்தான் வம்பு.

நம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆங்கிலத்தில் சரியாகப் பதினெட்டு வார்த்தைகள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எந்த மனிதரின் உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1950-லிருந்து இன்றுவரை இதில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் இதே வார்த்தைகளைப் படித்துவிட்டு, அரசாங்கம் ஒருவரைச் சிறையில் போட்டால் கோர்ட் அதன் நியாயத்தைக் கேட்க முடியாது என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது, கேட்டே ஆக வேண்டும் என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது.

எப்படி?

ஒரு வார்த்தை போன கதை

அரசியல் நிர்ணய சபையில் முதலில் இருந்த வாசகம் வேறு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ள 'ட்யூ ப்ராசஸ்' என்ற தொடரைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். அதாவது, உரிய நெறிமுறை இல்லாமல் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது. இந்த 'உரிய' என்ற சொல்லில்தான் என்னுடைய இரண்டாவது கேள்வி ஒளிந்திருக்கிறது. எது உரியது என்று யார் சொல்வது? நீதிபதிதான்.

சபையின் ஆலோசகராக இருந்த பி.என்.ராவ் 1947 கடைசியில் அமெரிக்கா போனபோது அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தத் தொடர் வேண்டாம், அது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையை நீதிபதிகளிடம் மாட்டிவிடும் என்று எச்சரித்தார் அவர். எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. பேக்கரித் தொழிலாளி வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை, இதே தொடரைக் காட்டித்தான் 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நம் ஆட்களுக்குக் கவலை வராதா?

ஆகவே வரைவுக் குழு அதை எடுத்துவிட்டு, ஜப்பான் அரசியல் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலிருந்து 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற தொடரைக் கொண்டுவந்து வைத்தது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இந்த மாற்றத்தின் பக்கம். கே.எம்.முன்ஷிக்குப் பழைய வாசகமே வேண்டும். 1948 டிசம்பரில் சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதை அம்பேத்கர் ஒளிக்காமல் சொன்னார். கட்சி கட்டுப்படுத்தும் சட்டசபையை முழுக்க நம்புவதா, ஐந்தாறு நீதிபதிகளை முழுக்க நம்புவதா என்பது அவர் எதிரில் இருந்த கேள்வி. மாற்றம் நின்றது. அதற்கு ஈடாகத்தான் பின்னால் கைது பற்றிய பாதுகாப்புகளை வைத்து இன்றைய 22-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். அதே பிரிவில் விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்தார்கள். சுதந்திர நாட்டின் அரசியல் சட்டத்துக்குள்ளேயே இது இருப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் தீர்ப்பு: 1950

அரசியல் சட்டம் அமலுக்கு வந்த மறுமாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. ஏ.கே.கோபாலன் என்ற கண்ணூர்க்காரர், கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்தார். சாதாரணச் சட்டங்களின் கீழ் அவருக்கு விதித்த தண்டனைகள் நிற்கவில்லை. ஆனாலும் வெளியே விடவில்லை. 1950 மார்ச் 1-ஆம் தேதி, சிறையில் இருந்தவரிடமே புதுச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணையைக் கொடுத்தார்கள். கண்ணூர் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்ததால் வழக்கின் பெயர் 'கோபாலன் எதிர் சென்னை அரசு'.

உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்தில் மன்னர்கள் சபைக்கென்று இருந்த கூடத்தில் உட்கார்ந்தார்கள். இன்றைய திலக் மார்க் கட்டடத்துக்கு வந்தது 1958-ல்தான். கோபாலனுக்காக வாதாடிய எம்.கே.நம்பியார் கேட்டது என்னுடைய இரண்டாவது கேள்வியைத்தான். 'சட்டம்' என்றால் சட்டசபை நிறைவேற்றிய காகிதம் மட்டுமா, அதற்குள் இயற்கை நீதி இல்லையா? சுதந்திரங்களைச் சொல்லும் 19-ஆம் பிரிவையும் இந்த 21-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டாமா?

1950 மே 19-ஆம் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். பெரும்பான்மை, வேண்டாம் என்றது. சட்டம் என்றால் முறையாக நிறைவேறிய சட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி அறை, ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் விழாது. நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். மரண தண்டனையைத் தூக்கில் போட்டு நிறைவேற்றலாம் என்று சட்டம் சொல்ல முடியுமானால், கொதிக்கும் எண்ணெயில் போடு என்றும் அது சொல்லலாம், தர்க்கப்படி ஆட்சேபிக்க இடமில்லை என்ற அளவுக்கு. அவர் கொடூரமானவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வார்த்தை எழுதினவர்கள் வேண்டுமென்றே ஒரு சொல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள், அதைக் கொல்லைப்புற வழியாக நான் எப்படி உள்ளே கொண்டுவருவது என்பது அவர்கள் நிலை. வவுச்சர் இருக்கிறதா, இருக்கிறது. முடிந்தது.

நீதிபதி ஃபஸல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. 'நடைமுறை' என்ற சொல்லுக்குள்ளேயே நாலு விஷயம் இருக்கிறது என்றார்: என்ன குற்றச்சாட்டு என்று அறிவிக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும், பாரபட்சமற்ற ஒருவர் விசாரிக்க வேண்டும், விசாரணை ஒழுங்காக நடக்க வேண்டும். உரிமைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் கருத்தில் அவர் தனி ஆள்.

தோற்ற கோபாலன் 1952-ல் அதே கண்ணூரிலிருந்து முதல் மக்களவைக்கு ஜெயித்துப் போனார். தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது.

இரண்டாவது தீர்ப்பு: 1976

இடையில் சின்னச் சின்ன அசைவுகள். ராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டிக் கண்காணித்த ஒரு வழக்கில், 1962-ல் நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, அந்தரங்கமும் சுதந்திரத்தின் பகுதிதான் என்றார். 1970-ல் வங்கி தேசியமய வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனித்தனி அறை என்ற கோபாலன் வாதத்தைத் தள்ளியது. சுவர் இடிய ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் எமர்ஜென்சி வந்தது.

1975 ஜூன் 27-ஆம் தேதி ஜனாதிபதி ஆணை ஒன்று வந்தது. 14, 21, 22 ஆகிய பிரிவுகளுக்காக யாரும் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. மிசாவில் பிடிபட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். பெங்களூர் சிறையில் இருந்த வாஜ்பாய், அத்வானியின் மனுக்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்தில். மத்தியப் பிரதேசம், அலகாபாத், டெல்லி, பம்பாய் என்று பல உயர் நீதிமன்றங்கள், மனுவைக் கேட்கலாம், குறைந்தபட்சம் ஆணை சட்டப்படிதான் போடப்பட்டதா என்றாவது பார்க்கலாம் என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. அதுதான் ஜபல்பூர் வழக்கு.

கவனியுங்கள், இங்கே சண்டை இரண்டாவது கேள்விக்குக்கூட இல்லை. வவுச்சரையாவது பார்க்கலாமா என்பதற்கே சண்டை. நீதிபதி எச்.ஆர்.கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார்: 21-ஆம் பிரிவில் உயிரும் இருக்கிறதே, ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றால் அதற்கும் பரிகாரம் இல்லையா? எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்பதே தன் வாதத்தின் முடிவு, மனசாட்சிக்கு அதிர்ச்சியாக இருந்தாலும் அதுதான் என்றார் டே.

1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஏ.என்.ரே, எம்.எச்.பெக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி நாலு பேரும் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். காவலில் உள்ளவர்களை அரசு தாய்போல் கவனித்துக்கொள்கிறது என்கிற மாதிரி பெக் எழுதியது இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கன்னாவின் கேள்வி கற்பனை இல்லை. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன், மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் மாணவர் ராஜனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர் பையனைத் தேடி ஏறாத வாசல் இல்லை. எமர்ஜென்சி 1977 மார்ச்சில் விலகிய சில நாட்களிலேயே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனை ஆஜர்படுத்து என்று கோர்ட் சொன்னது. ஆஜர்படுத்த ஆள் இல்லை. போலீஸ் காவலில் இறந்துபோனது அப்போதுதான் வெளியே வந்தது. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதும், முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்ததும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் போட வேண்டியிருந்தது. கோர்ட் கதவு மூடியிருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ரயில் நேரத்துக்கு வந்தது என்பவர்கள் இதையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

கன்னா தனியாக நின்றார். உயிரும் சுதந்திரமும் 21-ஆம் பிரிவு கொடுத்த இனாம் இல்லை, அந்தப் பிரிவை முடக்கிவிட்டாலும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் யாரையும் அடைக்க அரசுக்கு அதிகாரம் வந்துவிடாது என்று எழுதினார். இதனால் தலைமை நீதிபதி பதவி போகும் என்று முன்கூட்டியே தன் சகோதரியிடம் சொல்லியிருந்ததாகச் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையில் அவர் படம் மாட்டியிருக்கிறது.

மூன்றாவது தீர்ப்பு: 1978

இனி வருவதைக் கதையாக எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஆட்சி மாறியது. மிசாவில் உள்ளே இருந்தவர்கள் மந்திரிகள். 1977 ஜூலையில் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை, பொது நலன் கருதி என்று சொல்லி முடக்கினார்கள். காரணம் என்ன என்று கேட்டார். அதைச் சொல்வதும் பொது நலனுக்கு உகந்ததல்ல என்று பதில் வந்தது. வெளியுறவு மந்திரி யார்? இரண்டு வருஷத்துக்கு முன் பெங்களூர் சிறையிலிருந்து மனுப் போட்ட அதே வாஜ்பாய்.

1978 ஜனவரி 25-ஆம் தேதி ஏழு நீதிபதிகளின் தீர்ப்பு. ஜபல்பூர் பெரும்பான்மையில் இருந்த பெக், சந்திரசூட், பகவதி மூவரும் இதிலும் இருந்தார்கள். முக்கியத் தீர்ப்பை எழுதியவர் பகவதி. சட்டம் ஏதோ ஒரு நடைமுறையைச் சொன்னால் போதாது, அது நியாயமானதாக, தன்னிச்சை இல்லாததாக இருக்க வேண்டும், 14, 19, 21 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 1948-ல் வாசலில் திருப்பி அனுப்பிய 'உரிய' என்ற சொல், முப்பது வருஷம் கழித்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன கைலாசம் மட்டும் விலகி நின்றார். அந்த ஏழு பேரில் முர்தஸா ஃபஸல் அலியும் ஒருவர். 1950-ல் தனித்து நின்ற ஃபஸல் அலியின் மகன்.

மேனகாவுக்கு அன்றைக்கே பாஸ்போர்ட் கிடைத்துவிடவில்லை. அவர் தரப்பைக் கேட்போம் என்று அரசு கொடுத்த உறுதிமொழியை ஏற்று வழக்கை முடித்தார்கள். ஆனால் அந்தப் படிப்பின் பலன் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. தண்டனைக் காலத்தைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்த பீகார் ஏழைகளுக்கு 1979-ல். வாழ்வாதாரமும் உயிரின் பகுதியே என்று 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில். 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம், எமர்ஜென்சியிலும் 20, 21 பிரிவுகளை முடக்க முடியாதபடி செய்தது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். சுப்பா ராவ் 1962-ல் எழுதியது ஜெயித்தது. ஜபல்பூர் தீர்ப்பும் அதே நாளில் செல்லாமல் போனது. அதைத் தவறென்று மற்ற மூன்று பேரோடு சேர்ந்து எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். ஒய்.வி.சந்திரசூட்டின் மகன். பகவதி 2011-லேயே தன் ஜபல்பூர் தீர்ப்புக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்திருந்தார்.

சரி, இதில் நமக்கு என்ன?

நல்லவர்கள் கடைசியில் ஜெயித்தார்கள் என்று முடித்தால் சினிமா. எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

ஒன்று, ஃப்ராங்ஃபர்ட்டர் பயந்ததும் வீண் இல்லை. வார்த்தைக்குள் இல்லாததைப் படிக்கிற பழக்கம் எங்கே நிற்கும்? 1993-ல் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இப்படி ஒரு 'படிப்பில்' பிறந்ததுதான். அதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தை 2015-ல் ரத்து செய்ததும் அதே கோர்ட்தான். ஆடிட்டரை யார் ஆடிட் செய்வது என்ற கேள்விக்கு எங்கள் தொழிலிலும் முழுப் பதில் கிடையாது.

இரண்டு, சரியான படிப்பு வந்து சேர எடுக்கும் காலம். கன்னா எழுதியது நாட்டின் சட்டமாக 41 வருஷம் ஆனது. ராஜனுக்கு அதனால் என்ன?

மூன்று, தடுப்புக் காவல் எங்கும் போய்விடவில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை 1981-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம் தமிழ்நாட்டில் 1982-ல் வந்த குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணையில்லாமல் வைக்கலாம். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை என்று காரணம் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆணைகளை அடிக்கடி ரத்து செய்கிறது. ஆனால் அதற்குள் ஆள் பல மாதம் உள்ளே இருந்திருப்பார். 'குண்டாஸ் போட்டாச்சு' என்று பேப்பரில் படித்து, சரிதான், நல்லா வேணும் என்று பக்கத்தைத் திருப்புகிறோம். மிசாவில் போனவர்களைப் பற்றியும் அன்றைக்கு நிறையப் பேர் அப்படித்தான் திருப்பினார்கள். நமக்குப் பிடிக்காத ஆளுக்கு என்ன நடைமுறை கிடைக்கிறதோ அதுதான் நமக்கும் மிச்சம். வாஜ்பாய் கேட்டது மேனகாவுக்குக் கிடைத்தது போல.

ஆறுதலுக்கு ஒன்று. கோபாலன் தீர்ப்பைத் திட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு மூலை உண்டு. அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவு, எதற்காகப் பிடித்தார்கள் என்ற விவரத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக் கூடாது என்றது. அதை மட்டும் ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக வெட்டி எறிந்தார்கள். அரசாங்கம் ஆளை அடைக்கலாம், காரணத்தைக் கோர்ட்டுக்கு மறைக்க முடியாது. இன்றைக்கும் ஓர் ஆட்கொணர்வு மனுவில் வக்கீல் எழுந்து ஆணையில் உள்ள காரணத்தை வரிவரியாகப் பிரிக்க முடிகிறது என்றால், அதற்கான இடம் அங்கே ஆரம்பித்தது. கோபாலன் வழக்கில் தோற்றார். அந்த ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத் தோற்றார்.

கேசவானந்த பாரதி பற்றியும் எழுத ஆசை. ஆடிட் சீசன் முடியட்டும்.